ஜெஜு தீவு: முதலில் கடல், பிறகு ஒளிக்கூடம்

முதல் நாள்: மேற்குக் கரை

தென்கொரியாவின் ஜெஜு தீவில், ஏவொல் பகுதியில் இருக்கிறது ஆர்ட்டே மியூசியம், புரொஜெக்டர் ஒளியால் சுவரெங்கும் காட்சிகளை ஓடவிடும் கூடம். விமான நிலையத்திலிருந்து நேராக அங்கேயே போய்விடலாம், தூரம் அதிகமில்லை. ஆனாலும் முதல் நாளே அங்கே போகாதீர்கள். அந்தக் கூடத்தில் ஓடும் அலையும் அருவியும் செம்பூவும் இந்தத் தீவு கொடுத்தவை. அசலைப் பார்த்துப் பழகிய கண்ணோடு உள்ளே போனால், எந்த அறை உண்மையாக உழைத்திருக்கிறது, எது வெறும் அலங்காரம் என்று தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் போக்குவரத்து. வெளிநாட்டிலிருந்து ஜெஜுவில் நேராக இறங்கும் பல நாட்டவருக்கு 30 நாள் விசா விலக்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு சியோல் பக்கம் போக முடியாது. சியோல் வழியாக வருகிறவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். வழி தேட நேவர் மேப் அல்லது ககாவோ மேப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே கூகுள் மேப்பை நம்பி நடந்தால் பாதி வழியில் நிற்க நேரும். பேருந்துக்கு டி-மணி அட்டை. ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து 102 என்ற விரைவுப் பேருந்து மேற்குக் கரையோரமாக ஏவொல், ஹல்லிம் வழியே தெற்கே போகிறது. ஹல்லிமில் இறங்கினால் ஹியொப்ஜே கடற்கரை பக்கம்தான். நீட்டமான கடற்கரை இல்லை. ஆனால் ஜெஜுவின் நிறங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கறுப்பு எரிமலைப் பாறை, சிப்பி நொறுங்கிச் சேர்ந்த வெள்ளை மணல், அதன்மேல் பச்சை கலந்த நீலத் தண்ணீர், எதிரே பியாங்டோ என்ற சின்னத் தீவு.

இங்கே செய்யவேண்டியது ஒன்றே. கறுப்புப் பாறையில் அலை மோதும் இடமாகப் பார்த்துப் பத்து நிமிடம் நில்லுங்கள். ஒரு அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் நடுவே எத்தனை நொடி என்று மனதுக்குள் எண்ணுங்கள். எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றாக இருக்காது. நுரை பின்வாங்கும்போது பாறைத் துளைகளில் தண்ணீர் வடியும் சத்தத்தையும் கேளுங்கள். நாளைக்கு இவை இரண்டும் தேவைப்படும்.

கடற்கரையிலிருந்து ஊருக்குள் திரும்பினால் வயல்களைச் சுற்றிச் சாந்தில்லாமல் அடுக்கிய கறுங்கல் சுவர்கள். பாட்தாம் என்பார்கள். மொத்த நீளம் சுமார் 22,000 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2014இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டிருப்பது வேண்டுமென்றே. முழுக்க அடைத்த சுவரைப் புயற்காற்று தள்ளிச் சாய்த்துவிடும். ஓட்டை இருந்தால் காற்று வேகம் குறைந்து கடந்துபோகும், சுவரும் நிற்கும், பயிரும் பிழைக்கும். கல், காற்று, பெண்கள் மூன்றும் மிகுந்த தீவு என்று ஜெஜுவை அழைப்பார்கள். முதல் இரண்டையும் இன்றைக்கே பார்த்தாகிவிட்டது.

இரண்டாம் நாள்: ஆர்ட்டே மியூசியம்

ஹல்லிம், ஏவொல் எதிலிருந்தும் டாக்சியில் அரைமணிக்குள் வந்துவிடலாம். நேரம் காலை 10 முதல் இரவு 8 வரை, கடைசி நுழைவு 7 மணி. திறந்ததும் உள்ளே போவது நல்லது. கண்ணாடி அறைகளில் கூட்டம் சேர்ந்தால், முடிவில்லாத கடலுக்குப் பதில் முடிவில்லாத தலைகள்தான் தெரியும். மழை நாளில் தீவிலுள்ள சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் கூரையுள்ள இடத்தைத் தேடி வருவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இது ஒரு பழைய ஒலிபெருக்கித் தொழிற்சாலை. சுமார் 4,600 சதுர மீட்டர் பரப்பு, உச்ச உயரம் 10 மீட்டர். டிஸ்ட்ரிக்ட் என்ற கொரிய வடிவமைப்பு நிறுவனம் 2020 செப்டம்பரில் இதைத் திறந்தது. அதே ஆண்டு சியோலின் கோயெக்ஸ் கட்டட முகப்பில், கண்ணாடித் தொட்டிக்குள் கடல் அலை மோதுவது போல ஒரு திரைக்காட்சி உலகெங்கும் பரவியது நினைவிருக்கலாம். அதுவும் இவர்கள் செய்ததே. தொழிற்சாலைக் கட்டடம் இந்த வேலைக்கு வாகாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சன்னல் குறைவு, நடுவில் தூண் குறைவு, கூரை உயரம். புரொஜெக்டரை மேலே தொங்கவிட்டுச் சாய்வாக ஒளி வீச இடம் இருக்கிறது. சுவருக்கு மிக அருகில் போனால் மட்டுமே பார்வையாளர் நிழல் படத்தில் விழும்.

உள்ளே போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 10,000 லூமன் வெளிச்சம் தரும் ஒரு புரொஜெக்டர் 6 மீட்டர் அகலம், 3.75 மீட்டர் உயரப் படம் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 22.5 சதுர மீட்டர். சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு விழுவது சுமார் 444 லூமன், அதாவது 444 லக்ஸ், ஓர் அலுவலக மேசையின் வெளிச்சம். திறந்த கதவு வழியாக 50 லக்ஸ் வெளிச்சம் உள்ளே வந்தாலே படத்தின் கறுப்பு சாம்பலாகிவிடும், வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் பத்துக்கு ஒன்றாகச் சுருங்கும். ஒவ்வொரு அறைக்கும் வளைந்து போகும் இருட்டு நடைவழியும் கனத்த திரையும் வைத்திருப்பது இதற்காகத்தான். திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறவர்களைக் கூப்பிடுவது உள்ளே இருப்பவர்களின் காட்சியைக் கெடுப்பதாகும்.

அதே கணக்கில் இன்னொன்று. 6 மீட்டர் அகலத்தில் 1920 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கூர்மையான கண்ணுக்கு அந்தப் புள்ளி மறைய 10 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். அதனால் பெரிய அறையில் சுவரை ஒட்டி நின்று பார்ப்பதில் பயனில்லை, நடுவுக்கு வாருங்கள்.

நீண்ட சுவர்களில் பக்கத்துப் பக்கத்துப் புரொஜெக்டர்களின் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி விழும். பொதுவாகப் பத்திலிருந்து இருபது சதவீதம். ஏறும் பகுதியில் இரண்டின் வெளிச்சத்தையும் படிப்படியாகக் குறைத்துத் தையல் தெரியாமல் செய்வார்கள். பதினைந்து சதவீதம் ஏற்றினால் முதல் படம் 6 மீட்டர், அதற்குப் பின் ஒவ்வொன்றும் 5.1 மீட்டர்தான் சேர்க்கும். 24 மீட்டர் சுவருக்கு நான்கு போதாது, ஐந்து வேண்டும். இதில் மாறாத சிக்கல் ஒன்று உண்டு. புரொஜெக்டர் கறுப்பைக் காட்டும்போதும் சிறிது ஒளி கசியும், ஏறிய பகுதியில் அது இரட்டிப்பாகும். இரவுக் காட்சி வரும்போது சுவரைப் பாருங்கள், மங்கலான செங்குத்துப் பட்டைகள் தெரிந்தால் அங்கேதான் தையல். நல்ல வடிவமைப்பாளர்கள் முழுக் கறுப்புக் காட்சிகளையே தவிர்த்து, ஆழ்ந்த நீலமோ ஊதாவோ வைப்பார்கள்.

இனி அறைகள். கண்காட்சிகள் அவ்வப்போது மாறும். இந்தத் தீவோடு தொடர்புள்ளவை என்று எடுத்துக்கொண்டால் பூ, கடற்கரை, அலை, அருவி, தோட்டம் என்ற ஐந்தும் முக்கியம்.

பூ அறையில் சிவப்புக் காமெலியா. கொரியர்கள் தோங்பெக் என்பார்கள். சுற்றிலும் கண்ணாடி, பூக்கள் முடிவில்லாமல் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். எதிரெதிர்க் கண்ணாடிகளில் ஒவ்வொரு பிரதிபலிப்பும் கொஞ்சம் ஒளியை விழுங்கும். ஒரு தடவைக்குப் பத்து சதவீதம் இழந்தால், பத்தாவது பிரதிபலிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். சாதாரணக் கண்ணாடியில் இரும்புச்சத்து இருப்பதால் ஆழம் போகப்போகப் பச்சை ஏறும். சிவப்புப் பூ தூரத்தில் பழுப்பாக மாறுவது அதனால்தான். அந்த நிற இறக்கம் இங்கே மூடுபனி போலவே வேலை செய்கிறது, அழகாக இருக்கிறது.

கடற்கரை அறை இருப்பதிலேயே அமைதியானது. இருட்டில் அலை காலடி வரை வந்து திரும்பும், மேலே துருவ ஒளி. நேற்று ஹியொப்ஜேயில் எண்ணியதை இங்கே எண்ணிப் பாருங்கள். இடைவெளிகள் சீராக இருக்கின்றன, சில நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்து திரும்புகிறது. அது குறையில்லை, மனம் அடங்குவதே அந்தச் சீரால்தான். துருவ ஒளி மட்டும் இந்தத் தீவுக்கு உரியதில்லை. ஜெஜு கடலுக்கு மேல் அப்படி ஒன்று எரிவதில்லை. அலையை மட்டும் விட்டிருந்தால் அறை இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

அலை அறையில் அந்த வலு இருக்கிறது. பெரிய நீர்த்திரள் எழுந்து கண்ணாடியில் மோதித் திரும்புவது போன்ற மாயை. இது ஒரே ஒரு பார்வைப் புள்ளிக்காகக் கணக்கிட்டு வரைந்தது. அங்கே நின்றால் சுவர் மறைந்து தொட்டி தெரியும், நான்கு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் கோடுகள் வளைந்துவிடும். நேர்க்கோடுகள் நேராகும் இடம் கிடைக்கும் வரை மெல்ல நகர்ந்து பாருங்கள்.

அருவி அறையில் தரையிலும் கண்ணாடி. கீழே பாதாளம் போலத் தெரியும், சிலருக்குத் தலை சுற்றும். கண்ணின் ஓரப்பார்வை முழுக்கத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு “நீ அசையவில்லை” என்று சொல்கிறது. இரண்டும் முரண்படும்போது குமட்டல் வரும். கண்ணை மூடினால் தள்ளாட்டம் கூடும். சுவரில் ஒரு கையை வையுங்கள், பக்கத்தில் நிற்கும் ஓர் ஆளின் முகத்தைப் பாருங்கள். மெல்லச் சரியாகும். கண்ணாடித் தரைக்குப் பாவாடையைவிடக் கால்சட்டை தோது. புடவை, வேட்டி என்றால் ஓரமாக நின்றுகொள்ளலாம்.

தோட்டம்தான் பெரிய அறை. இங்கே இரண்டு காட்சிகள் மாறிமாறி ஓடும். ஒன்று ஜெஜுவின் நிலமும் பண்பாடும், மற்றது ஐரோப்பிய ஓவியங்கள். நீங்கள் நுழையும்போது இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தால் உட்கார்ந்து காத்திருங்கள், முதலாவதைத் தவறவிடக் கூடாது. வெளிர் நிற உடை உடுத்தியிருந்தால் படம் உங்கள் மேலேயே விழும். குழந்தைகளுக்கு அது பெரும் கொண்டாட்டம்.

ஒவ்வொரு அறைக்கும் தனி மணம் உண்டு. மூக்கு எந்த மணத்துக்கும் சில நிமிடத்தில் பழகிவிடும், பிறகு ஒன்றும் தெரியாது. நுழைந்ததும் முதல் இரண்டு மூச்சைக் கவனமாக இழுங்கள். திரும்ப வேண்டுமென்றால் வெளியே போய்ச் சற்று நடந்துவிட்டு வாருங்கள்.

குழந்தைகளோடு வருகிறவர்கள் விலங்குப் படத்துக்கு வண்ணம் தீட்டும் இடத்தில் நேரம் ஒதுக்குங்கள். தாளைத் தேர்ந்து, கிரேயானால் தீட்டி, ஸ்கேனரில் வைத்தால், அந்த விலங்கு சுவரில் நடந்துவரும். இளமஞ்சளும் இளநீலமும் சுவரில் வெளுத்துப்போகும், அழுத்தித் தீட்டச் சொல்லுங்கள். ஓரக்கோட்டையும் தாளின் மூலையில் அச்சிட்ட குறிகளையும் மறைத்துவிட்டால் கருவி படத்தைப் பிடிக்காது.

கடைசியில் தேநீர்ப் பகுதி. கோப்பையை மேசையில் வைத்ததும் தேநீரின்மேல் பூ மலரும், எடுத்தால் இதழ்கள் சிதறும். தெளிந்த தேநீரில் ஒளி ஊடுருவிக் கோப்பையின் அடியில் போய் விழும். பால் சேர்ந்த வகையில் மேற்பரப்பே திரையாகிவிடும். பால் வகையையே கேளுங்கள்.

படம் எடுப்பதற்கு: பிளாஷ் கூடவே கூடாது. கேமராவில் ஷட்டர் 1/60 அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். சில வகைப் புரொஜெக்டர்கள் சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாக வீசுகின்றன. 1/200 வைத்தால் ஒரு நிறத்தை மட்டும் பிடித்துப் படம் பட்டைபட்டையாக வரும். ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரை போதும். கொரியாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. போனில் மினுக்கல் தடுப்பு 50இல் இருந்தால் 60க்கு மாற்றுங்கள், வீடியோவையும் 30 அல்லது 60 பிரேமில் எடுங்கள். திரையைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டி ஒரு படி குறைத்தால் பூவின் சிவப்பு வெளுக்காது.

இரண்டரை மணி நேரம் போதும். அதற்குமேல் கண் சோர்ந்துவிடும்.

மூன்றாம் நாள்: சொக்விபோ

தெற்குக் கரைக்கு வந்தால் அருவியும் காமெலியாவும் நேரில்.

ஜெஜு எரிமலைத் தீவு. ஹல்லாசான் மலை 1,947 மீட்டர், மழையோ ஏராளம், ஆனால் பெரும்பாலான ஓடைகள் காய்ந்து கிடக்கும். பாறை முழுக்கத் துளை, விழுந்த மழை எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். சொக்விபோ கரையில் தண்ணீரை எளிதில் விடாத படிவுப் பாறை மேலாகவே இருக்கிறது. அதன்மேல் தேங்கிய நிலத்தடி நீர் ஊற்றாக வெளியேறி அருவியாகிறது. ஜொங்பாங் அருவி 23 மீட்டரிலிருந்து நேராகக் கடற்கரையில் விழுகிறது. கீழே இறங்கப் படிகள் உண்டு, பாறை வழுக்கும், செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். ஒங்தோ அருவி இன்னொரு விதம். மலையில் 70 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டினால் ஒழிய அங்கே தண்ணீரே இருக்காது. கனமழை பெய்த மறுநாள் நீங்கள் தீவில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே ஓடுங்கள். ஒளிக்கூடத்து அருவி ஒருநாளும் வற்றுவதில்லை. இந்தத் தீவின் தண்ணீரைப் பற்றி அது சொல்லாமல் விட்டது இந்த வறட்சியைத்தான்.

அங்கிருந்து கிழக்கே வீமி கிராமத்தில் காமெலியாத் தோப்பு. டிசம்பர் முதல் மார்ச் வரை பூக்காலம். ஹியொன் மெங்சுன் என்ற பெண்மணி, வாங்கிய தரிசு நிலத்தைக் கடற்காற்றிலிருந்து காக்க, ஹல்லாசானில் பொறுக்கிய விதைகளை நட்டு வளர்த்த மரங்கள் இவை. வேலியாக நட்டது இன்று தோப்பாக நிற்கிறது. தடித்த, பளபளக்கும் இலைகளைத் தொட்டுப் பாருங்கள், உப்புக் காற்றைத் தாங்குவதற்கான இலை அது.

தோங்பெக் இதழ் இதழாக உதிராது. முழுப்பூவாகத் தரையில் விழும், விழுந்த பிறகும் சில நாள் சிவப்பு மாறாமல் கிடக்கும். 1947 முதல் 1954 வரை இந்தத் தீவில் நடந்த, 4·3 (ஏப்ரல் 3) என்று அழைக்கப்படும் படுகொலைகளில் 25,000 முதல் 30,000 பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஓவியர் காங் யோபெ 1990களின் தொடக்கத்தில் வரைந்த உதிரும் தோங்பெக் ஓவியத்துக்குப் பின், அந்தப் பூ இறந்தவர்களின் அடையாளமாயிற்று. ஏப்ரலில் ஜெஜுக்காரர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னம் இதுதான். பூ அறையில் இதைப் பற்றி ஒரு வரி வைத்திருந்தால் அறையின் அழகு குறைந்திருக்காது. ஒரு தீவின் பண்பாட்டை ஒளியில் காட்டப் புறப்பட்டவர்கள் இதைத் தவிர்க்கக் கூடாது. நேரமிருந்தால் போங்கே பகுதியிலுள்ள 4·3 அமைதிப் பூங்காவுக்குப் போய்வாருங்கள்.

ஜொங்பாங் அருவிக்குப் பக்கத்திலேயே வால்ஜோங் கலைக்கூடம். 1990இல் சொக்விபோவுக்குக் குடிவந்த ஓவியர் லீ வால்ஜோங் கட்டியது, ஜோசொன் என்ற பழைய கொரிய அரச காலத்து வெண்பீங்கான் கோப்பையின் வடிவம். அவர் ஓவியங்களில் மரமும் மீனும் மானும் மனிதனும் ஒரே அளவில் இருக்கும், யாரும் யாரையும்விடப் பெரியவர் இல்லை. நாளைய இடத்துக்கு இது பாடம்.

நான்காம் நாள்: கிழக்கு

சொக்விபோவிலிருந்து 101 விரைவுப் பேருந்து கிழக்குக் கரை வழியாக வடக்கே போகும். செஹ்வாவில் இறங்கினால் ஹேன்யொ அருங்காட்சியகம் அருகில். திங்கட்கிழமை விடுமுறை. ஆக்சிஜன் உருளை இல்லாமல் கடலுக்குள் இறங்கிச் சங்கும் நத்தையும் கடற்பாசியும் எடுக்கும் பெண்கள்தான் ஹேன்யொ. 10 மீட்டர் வரை மூழ்குவார்கள், ஒரு மூச்சு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். மிதவை தெவாக், அதில் தொங்கும் வலைப்பை மாங்சரி, பாறையிலிருந்து பெயர்க்கும் இரும்புத் தகடு பித்சாங். மேலே வந்ததும் அடக்கிய மூச்சைச் சீழ்க்கையாக விடுவது சும்பிசோரி. ஹேன்யொ பண்பாடு 2016இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கல்வட்டத்துக்குள் தீ மூட்டி உடை மாற்றும் புல்தொக் என்ற இடத்தைத் தவறாமல் பாருங்கள். யார் எங்கே உட்காரலாம், எந்தப் பருவத்தில் எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அங்கே முடிவானது.

பிறகு சொங்சான். ஹேன்யொவின் சீழ்க்கையைக் கேட்ட காதோடு பங்கர் தெ லூமியேர் என்ற ஒளிக்கூடத்துக்குப் போகலாம். கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிகளைக் காக்க அரசு கட்டிய தகவல் தொடர்பு நிலவறை இது. மேலே மண் போட்டு மரம் நட்டு, குன்று போல மறைத்திருந்தார்கள். 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், உள்ளே 5.5 மீட்டர் உயரம். 2018 நவம்பரில் ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் ஓவியங்களோடு கண்காட்சிக்கூடமாகத் திறந்தது. வெளியே எவ்வளவு வெயில் என்றாலும் உள்ளே 16 டிகிரிதான், மெல்லிய கம்பளிச் சட்டை கைப்பையில் இருக்கட்டும்.

இங்கே கண்ணாடி வித்தை குறைவு. கான்கிரீட் சுவரும் தூண்களும் அப்படியே திரை. தூணில் விழும் படத்துக்கும் பின்சுவரில் விழும் படத்துக்கும் நடுவே உண்மையான தூரம் இருப்பதால் ஆழம் இயல்பாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் ஐரோப்பிய ஓவியர்களே ஓடுவார்கள் என்றாலும், லீ வால்ஜோங்கின் ஜெஜு ஓவியங்களையும் இங்கே காட்சியாக்கியிருக்கிறார்கள். எல்லா உயிரும் ஒரே அளவு என்ற அவருடைய முறை இந்தத் தூண்களுக்குப் பொருந்துகிறது. எங்கே உட்கார்ந்தாலும் ஒரு மீனோ மரமோ பக்கத்தில் வந்துவிடும்.

என்ன ஓடுகிறது என்று முன்கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். காட்சியின் நடுவில் நுழைந்தால் கவலை வேண்டாம், சுற்று முடிந்து மீண்டும் தொடங்கும் வரை இருக்கலாம். முதல் சுற்றை நடந்துகொண்டே பாருங்கள், இரண்டாவதை ஏதாவது ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்து பாருங்கள். மூலையில் இரண்டு சுவரும் ஓரப்பார்வையை நிறைத்துவிடும். கான்கிரீட் அறையில் எதிரொலி நீளும், ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி நின்றால் இசை குழம்பும், அருகில் தெளிவாகக் கேட்கும்.

முடித்துவிட்டு மாலையில் சொங்சான் இல்ச்சுல்போங் எரிமலை வாயில் ஏறலாம். உயரம் சுமார் 180 மீட்டர், முழுக்கப் படி, நிதானமாக ஏறினால் அரைமணி. இரவு விமானம் பிடிப்பவர்கள் 111 அல்லது 112 எண் விரைவுப் பேருந்தில் விமான நிலையம் போகலாம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீளம், மலையேறும் முன்பே நிறுத்தத்தில் நேரப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.